கொடித் துணியை எண்ணியவர்

"கொடியப் பாத்தேன்."

பக்கத்து மாடி அக்கா எந்தப் பேச்சையும் இப்படித்தான் ஆரம்பிப்பார். நல்லா இருக்கியா, சாப்டியா என்பதெல்லாம் அவரிடம் கிடையாது. காலையில் வாயில் பிரஷ்ஷோடு மொட்டை மாடிக்கு வருவார். எங்கள் மாடிக்கும் அவர் மாடிக்கும் நடுவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர்தான். அதற்கு அந்தப் பக்கம் நின்று, தெருவில் உள்ள மாடிகளையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போய்க் காபி போடுவார். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல் கணுக்களில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஏதோ சாமி பெயர் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டு ஜட்டி பனியனை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கையில் ஒரு மூங்கில் கழி வைத்திருப்பார். கேட்டால் குரங்கு விரட்ட என்பார். செஞ்சியில் அது பொய்யும் இல்லை. கோட்டை மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் கொடியில் காயும் துணியை விட்டுவைக்காது. ஆனால் குரங்கு வராத நாளிலும் அவர் கழியோடு நிற்பார். அவர் கணவருக்கு பஜாரில் பாத்திரக் கடை. மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சமைத்து முடித்தால் அவருக்கு வேறு வேலை இல்லை என்று தெருவே பேசும்.

பேசாமல் என்ன செய்யும்? மூலை வீட்டுக்காரரைத் தெருவில் நிறுத்தி ஒரு நாள் கேட்டார்: "கொடியப் பாத்தேன். ஒரு வாரமா உங்க பையன் பேண்ட் சட்டையே காயல. நாலு லுங்கிதான் காயுது. வேலைய வுட்டுட்டானா?" பையன் வேலையை விட்டது நிஜம். வீட்டார் அதுவரை லீவில் வந்திருக்கிறான் என்று சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுத் துணி ஹாலில் ஃபேனுக்குக் கீழேதான் காய்ந்தது.

என்னையும் விடவில்லை. கல்யாணமாகி ஆறாவது மாதம், சுவர்மேல் சாய்ந்துகொண்டு, "கொடியப் பாத்தேன். ரெண்டு போர்வ தனித்தனியா காயுது. இன்னாம்மா, ஆளுக்கொரு பக்கம் படுக்கறீங்களா?" என்றார். அன்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் உண்மையாகவே சண்டை. ஈரத் துண்டை ஓங்கி உதறினேன். க்ளிப் ஒன்று தெறித்து அவர் மாடியில் போய் விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"இத்தோட பதினேழு. சரியா இருக்குதா பாத்துக்கோ."

இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. கடையைக் கைமாற்றிவிட்டு ஓசூருக்கே போய்விட்டார்கள். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் வாஷிங் மெஷின் வைத்திருக்கிறார்கள், மாடிக்கே வருவதில்லை. நிம்மதி என்று தெரு சொல்கிறது. என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

எனக்குப் பெண் பிறந்தது பங்குனியில். பிரசவத்துக்குப் பிறகு தொண்டூரில் அம்மா வீட்டில்தான் இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அம்மா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து கட்டோடு கிடந்தாள். அதனால் என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், மேல்சித்தாமூரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். நல்ல மனுஷி. என்னை ஒரு துரும்பு நகர்த்த விடமாட்டார். அந்த நன்றியில்தான் அவர் சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டினேன்.

மூன்றாவது வாரத்தில் பாப்பா கக்க ஆரம்பித்தாள். குடித்த பால் அப்படியே தோளில் வழியும். சில நேரம் புளித்த வாடையோடு தயிராக வரும். அதோடு முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீல் வீல் என்று கத்தல். சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கினால் விளக்கு வைத்த பிறகும் ஓயாது. தூக்கினால் கத்துவாள், படுக்க வைத்தால் இன்னும் கத்துவாள். நானும் சேர்ந்து அழுவேன். வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். உன் பால் சூடு, நீ கத்தரிக்காய் சாப்பிட்டாய், தொட்டில் கட்டிய திசை சரியில்லை. ஏதோ நான் வேண்டுமென்றே குழந்தையை அழ வைப்பதுபோல எனக்கே தோன்றிவிட்டது.

குழந்தை டாக்டரிடம் காட்டினோம். தராசில் போட்டுப் பார்த்தார். "எடை நல்லா ஏறியிருக்கு. இது எதுக்களிப்பு, நிறைய குழந்தைங்களுக்கு இருக்கும், வளர வளர சரியாயிடும். கொஞ்சம் கொஞ்சமா, ஆனா அடிக்கடி குடுங்க. குடிச்சதும் அரை மணி தோள்ல நிமித்தி வெச்சிருங்க. தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வெக்கணும். ஒண்ணுக்கு நல்லா போவுதான்னு மட்டும் பாத்துக்கினே இருங்க. அது கொறைஞ்சா ஒடனே தூக்கிட்டு வந்துடணும்" என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை. மருந்து எழுதாத டாக்டரை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை.

நான் மட்டும் அந்த அரை மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காது. பாறை மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர், கத்திரி வெயிலில் பொழுது சாய்ந்த பிறகும் சுவர் சுடும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் நடப்பார். நான் திரும்பினால் அவரும் திரும்புவார். குழந்தையைத் தொடமாட்டார், சுவரைத் தாண்டி வரமாட்டார், இதைக் கொடு அதைக் கொடு என்று சொல்லமாட்டார். சொல்வதெல்லாம் கணக்குதான்.

"பன்னண்டு நிமிஷம் ஆச்சு. இன்னும் பதினெட்டு இருக்குது, நட."

சனியன், இதையும் எண்ணுகிறதே என்று மனதுக்குள் திட்டுவேன். ஆனால் அவர் எண்ணினால் அந்த அரை மணி சீக்கிரம் போகும். அதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

கொடியில் இப்போது குழந்தைத் துணிதான். டயபர் போட்டால் அந்த வெயிலில் தொடையெல்லாம் சிவந்து புண்ணாகிவிட்டது. அதனால் பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து மூத்திரத் துணியாக வைத்திருந்தோம். கக்கலைத் துடைக்க நீளமாக வேறு துண்டுகள். அக்கா இரண்டையும் தனித்தனியாக எண்ணினார்.

"கொடியப் பாத்தேன். மூத்திரத் துணி பதினாலு. கக்கற துணி ஒம்போது. நேத்து பதினொண்ணு. ரெண்டு கொறைஞ்சிருக்குது, பாத்தியா?"

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் இதை அண்ணி கேட்டுவிட்டார். என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "கொழந்த துணிய யாராச்சும் வாய் வுட்டு எண்ணுவாங்களாம்மா? அந்தப் பொம்பள கண்ணு சும்மா வுடுமா? அதான் பச்சப் புள்ள கக்கிக்கினே கெடக்குது!"

அண்ணி சொல்லி வாய் மூடவில்லை, தோளில் இருந்த பாப்பா கக்கினாள். மூக்கு வழியாகவும் வந்தது. ஒரு நொடி மூச்சு முட்டி முகம் சிவந்துவிட்டது. குப்புறக் கவிழ்த்துத் தட்டியதும் சரியானது. நான் பி.எஸ்சி. படித்தவள். கண்ணேறு அது இது என்று சொல்பவர்களைப் பார்த்துச் சிரித்தவள். அதே நான்தான் சுவருக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"எங்க வூட்டுத் துணிய எண்றத நிறுத்துங்க! உங்க கண்ணுதான் எம் புள்ளைக்கு ஆவல. உங்க வேலயப் பாத்துக்கினு போங்க!"

அக்கா விரல் கணுவில் இருந்த கட்டைவிரலை எடுத்தார். கழியைச் சுவரோரம் சாத்திவிட்டுக் கீழே இறங்கிப் போனார். நான் ஒரு பெரிய பெட்ஷீட்டைக் கொண்டுவந்து, அவர் பக்கம் இருந்த கொடியில் இந்த முனை முதல் அந்த முனை வரை விரித்துக் கட்டினேன். காற்றில் விலகாமல் இருக்க பதினேழு க்ளிப்பையும் அதிலேயே போட்டேன்.

அண்ணி உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். "நெடியே வரல பாத்தியா? அம்மாங் கண்ணு!" என்றார். மறுநாள் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனார்கள். பால் வயிற்றில் கட்டிக்கொண்டு தொக்கமாக நிற்கிறது, அதை எடுத்தால் கக்கல் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பைக்கில் அரை மணி தூரத்தில் ஒரு கிராமம். அங்கே இருந்தவர் பாப்பாவின் காதில் ஊதினார். வயிற்றைத் தடவினார். வாயருகே கையை வைத்து எடுத்து, வெற்றிலைமேல் ஒரு வெள்ளைக் கட்டியைக் காட்டினார். அது குழந்தை வாயிலிருந்து வந்ததா அவர் கையிலிருந்து வந்ததா என்று நான் கேட்கவில்லை.

"மூணு நாளு பால கொறச்சிடுங்க. கேக்கும்போது ரெண்டு ஸ்பூன் ஓமத் தண்ணி குடுங்க. வயிறு ஆறணும்" என்று சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமை வீடு அமைதியாகிவிட்டது. பாப்பா கக்கவில்லை. முதுகை வளைக்கவில்லை. நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று, அழுகை வரவில்லை. அண்ணி சாமி படத்துக்கு சூடம் ஏற்றினார். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் வேலையிலிருந்து மூன்று முறை போன் செய்து, "இன்னும் தூங்குதா? இன்னும் தூங்குதா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். நானும் ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக மத்தியானம் படுத்துத் தூங்கினேன். எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. பிழிந்து, அண்ணி சொன்னபடி, கால் படாத இடமாகப் பார்த்துச் செடிக்கு ஊற்றினேன். ஒன்றல்ல, நாலு தடவை ஊற்றினேன். இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

வியாழன் காலையில் அண்ணி பக்கெட்டோடு மாடிக்குப் போய் உடனே இறங்கி வந்தார். "பாத்தியா, தொவைக்கத் துணியே இல்ல. ரெண்டே ரெண்டு. தொக்கம் எடுத்ததும் எப்டி கேட்டுச்சு பாரு" என்றார். நான் சிரித்தேன். வேலை குறைந்தது என்றுதான் எனக்கும் பட்டது.

பதினோரு மணி இருக்கும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப் படியின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். மனசு கேட்காமல் பால் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு இழுப்பு இழுத்தாள், அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல தூக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா. நா எண்ணல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரெண்டு நாளா கொழந்த அழுவுற சத்தமே கேக்கலியே?"

"நல்லாயிடுச்சு. தூங்குறா" என்றேன். குரலில் இன்னும் திங்கட்கிழமைக் கோபம் இருந்தது.

பிறகு சுவரில் செருப்பு உரசுகிற சத்தம். ஐம்பது வயதுக்கு மேல் ஆன, கனத்த உடம்புக்காரர், ஒருநாளும் தாண்டாத சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தார். க்ளிப்புகள் படபடவென்று தெறித்தன. பெட்ஷீட்டை ஒரே இழுப்பில் இழுத்துக் கீழே போட்டுவிட்டுக் கொடியைப் பார்த்தார்.

"ரெண்டுதானா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"மிச்சம் எங்க? உள்ள காயுதா?"

"இல்லக்கா. அவ்ளோதான்."

"நேத்துலருந்து ரெண்டுதானா?"

அவர் என் பதிலுக்கு நிற்கவில்லை. பாப்பாவின் பக்கத்தில் குந்தினார். அப்போதும் தொடவில்லை. "வாயத் தொறந்து பாரு" என்றார். என் விரலை வைத்தேன். நாக்கு ஒட்டியது. "உச்சியத் தொடு" என்றார். தொட்டேன். உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. அதுவரை நான் பார்க்கவேயில்லை. குழந்தை அழுவதைத்தான் ஆறு வாரமாகப் பார்த்திருந்தேன்.

"ஆட்டோவக் கூப்புடு. ஓடு!"

ஆஸ்பத்திரியில் கூட்டம். அக்கா யாரையும் கேட்கவில்லை, வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் போனார். நர்ஸ் பாப்பாவை மேசையில் கிடத்திக் கை நரம்பைத் தேடினார். ஊசி ஏறவில்லை. மறு கையில் குத்தினார், ஏறவில்லை. காலில் குத்தினார். பாப்பா அழுதாள். வாய் கோணியது, சத்தம் பூனைக்குட்டி அளவுக்குத்தான் வந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போச்சு? ஒரு நாளைக்கு எத்தன தடவ போவும்?" என்று நர்ஸ் கேட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. அண்ணி, "போச்சு மேடம், அதெல்லாம் போச்சு" என்று முணுமுணுத்தார். பின்னாலிருந்து அக்கா சொன்னார்:

"போன வியாழன் பதினாலு. வெள்ளி பதினஞ்சு. சனி பதிமூணு. ஞாயிறு பதினஞ்சு. திங்கள் பதினாலு. அதுக்கப்புறம் பெட்ஷீட்டு கட்டிட்டாங்க மேடம். எனக்குத் தெரியல. இன்னிக்கு பாத்தேன், ரெண்டு."

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. மூலை வீட்டு லுங்கியைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் வலித்தது.

நாலாவது குத்தலில் ஊசி ஏறியது. டிரிப்ஸ் இறங்க ஆரம்பித்தது. டாக்டர் அம்மா வந்து எல்லாவற்றையும் கேட்டார். ஓமத் தண்ணீரைப் பற்றிச் சொன்னபோது என்னை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்களிக்கறதுனால கொழந்தைக்கு ஒண்ணும் ஆகல. பட்டினி போட்டதாலதான் இப்டி ஆயிருக்கு. இந்த வெயில்ல பாலக் கொறச்சா என்ன ஆவும்? நாலு மணி வரைக்கும் பாப்போம். ஒண்ணுக்குப் போவலன்னா விழுப்புரம் அனுப்பிடுவேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வெச்சுடறேன்" என்றார்.

வார்டுக் கடிகாரத்தில் அப்போது மணி ஒன்று பத்து. அண்ணி கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, நான் மட்டும் என்ன யோக்கியம்? என் வீட்டுக்காரர் பஸ் பிடித்து வந்து சேரும்போது மணி இரண்டரை. பாப்பாவின் கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஆறு வாரமாக, எப்போது இந்த ஈரத் துணியிலிருந்து விடுதலை என்று புலம்பியவள் நான். இரண்டே முக்கால், காய்ந்திருந்தது. மூன்று பத்து, காய்ந்திருந்தது. வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது.

அக்கா வார்டு வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை உள்ளே என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, உள்ள வாங்க. செத்த வெச்சுக்குங்க" என்றேன். நான் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதில் டிரிப்ஸ் ஊசி நழுவிவிடும் என்று பயம்.

"வேணாம்மா. எங் கண்ணு..." என்று இழுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்து, நர்ஸைத் துணைக்குக் கூப்பிட்டு, பாப்பாவை அவர் மடியில் வைத்தேன். நான் அந்தத் தெருவுக்கு வாழ வந்த நாலு வருஷத்தில் அவரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அப்போதுதான். குழந்தையை நிமிர்த்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

மூன்றரை. நர்ஸ் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று நாற்பது. டாக்டர் அம்மா மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். விழுப்புரத்துக்கு அனுப்புகிற சீட்டு என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

மூன்று ஐம்பது இருக்கும். அக்காவின் முகம் மாறியது. குனிந்து மடியைப் பார்த்தார். பச்சை நிறக் காட்டன் சேலையில் கரும்பச்சையாக ஓர் ஈரம் பரவியது. முழங்கால் வரை ஓடி, அங்கிருந்து தரையில் சொட்டியது. அவர் வாய் திறந்தது. என்னைப் பார்த்தார். சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் கத்தியது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"சொல்லுங்கக்கா" என்றேன். "சத்தமா சொல்லுங்க."

முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தார். சுண்டுவிரலின் முதல் கணுவில் கட்டைவிரலை வைத்தார். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, டாக்டர் அம்மாவின் பேனா நிற்கிற மாதிரி, சொன்னார்:

"ஒண்ணு."